பட்டறைப் பக்கத்து மாடி

குட்டிக்கு வீடு தேடிக் கிளம்பியவர்கள் மூன்று பேர். அக்கா, அக்காவின் கணவர், வீட்டுத் தரகர். மூவரும் ஒரு வாரம் அலைந்து, ஆளாளுக்கு ஒரு கருத்துச் சொல்லி, கடைசியில் ஒருமனதாக ஒரு வீட்டை முடிவு செய்துவிட்டு வந்து, "உனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று அவளிடம் சொன்னார்கள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று.

குட்டி என்றால் யாரோ சின்னப் பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். வயது முப்பத்தேழு. முன்நெற்றியில் நரை எட்டிப் பார்த்துவிட்டது. பிறவியிலேயே பார்வை இல்லை என்பதால் அந்த நரையையும் அக்கா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். வெளியே எல்லோரும் அவளை மேடம் என்கிறார்கள். அக்காவுக்கு மட்டும் அவள் இன்னும் குட்டிதான். அந்தப் பேர் வேண்டாம் என்று பல தடவை சொல்லிப் பார்த்தாள். "சரிடி குட்டி, இனிமே கூப்பிடல" என்பாள் அக்கா.

அக்காவின் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. மாதம் முடிவதற்குள் கிளம்ப வேண்டும். அக்கா முதலில் போட்ட திட்டம், தங்கையையும் மூட்டையோடு மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவது. "வேலை போனாப் போகுது. உனக்குச் சோறு போட எங்களால முடியாதா?" என்றாள். "சோறு போடறதுக்கு ஆள் இருக்குன்னு வேலைய விடறதுக்கு நான் என்ன பூனையா?" என்றாள் குட்டி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு நாள் பாத்திரங்கள்தான் பேசின, மனிதர்கள் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்கா ஒரு படி இறங்கி வந்தாள். தங்கை இங்கேயே இருக்கலாம். ஆனால் அக்காவுக்கு மனசு ஒப்புகிற வீட்டில் இருக்க வேண்டும். அப்படி ஒரு வீடு அமையாவிட்டால் பேச்சே கிடையாது, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அறுத்துக்கொண்டு போகவும் குட்டியால் முடியும். கையில் சம்பளம் இருக்கிறது, வாயில் பேச்சு இருக்கிறது. ஆனால் அம்மா அப்பா போன பிறகு அக்காவை விட்டால் அவளுக்கு ஆள் இல்லை. அதைவிட முக்கியம், அக்காவை அவளுக்குப் பிடிக்கும். பிடித்தவர்களோடு சண்டை போடுவதில் உள்ள கஷ்டமே அதுதான், ஓங்கி ஒன்று வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

அவள் வேலை செய்வது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில். காதில் ஹெட்போன், விரலுக்கடியில் கீபோர்டு, எழுத்தைப் படித்துச் சொல்ல கம்ப்யூட்டரில் ஒரு குரல். போன் எடுத்ததும் அங்கே கேட்கிற முதல் கேள்வி "என்ன ஆச்சு?" இல்லை, "இப்ப எங்க இருக்கீங்க?" என்பதுதான். என்ன ஆச்சு என்று முழுக்கதையும் தெரிந்து, எங்கே என்று தெரியாவிட்டால் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது? ஆனால் பயந்துபோன மனிதனுக்கு முதலில் மறப்பது தான் நிற்கிற தெருதான். "ஒரு மரம் இருக்குங்க, ஒரு கட்டடம் இருக்குங்க" என்று அழுவான். அந்த மாதிரி அழைப்புகளை மேற்பார்வையாளர் குட்டிக்குத் தள்ளிவிடுவார். அவள் மரத்தையும் கட்டடத்தையும் விட்டுவிட்டு, "பக்கத்துல என்ன சத்தம் கேக்குது? என்ன வாசனை அடிக்குது?" என்று ஆரம்பிப்பாள். பேசப் பேச அவன் எங்கே நிற்கிறான் என்பது அவள் காதில் வந்து உட்கார்ந்துவிடும்.

அலுவலகம் இருப்பது ஒரு பெரிய சாலையில். சாலைக்கு மேற்கே பூங்காப் பக்கம், கிழக்கே பட்டறைப் பக்கம். இரண்டுக்கும் நடுவே அந்த ஒரு சாலைதான். ஆனால் பூங்காப் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் எதிரே என்ன இருக்கிறது என்று கேட்டால், ஏதோ கடல் கடந்த தேசத்தைக் கேட்டது மாதிரி முழிப்பார்கள். ஒரு பக்கம் பெரிய வீடுகள், பெரிய கேட்டுகள், நிழல். மறு பக்கம் தகரம், டயர், மரத்தூள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்த வீடுகள். அக்கா முடிவு செய்த வீடு எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"எவ்ளோ அமைதி தெரியுமா? ஒரு குருவி கத்தினாக் கூட கேக்கும்" என்றாள் அக்கா.

"குருவிகிட்ட எனக்கு என்னக்கா வேலை?" என்றாள் குட்டி. ஆனாலும் போய்ப் பார்ப்பதற்குச் சம்மதித்தாள். பார்க்காமலே ஒன்றை மட்டம் தட்டுவது அக்காவின் பழக்கம், தன் பழக்கமாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி. கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுகிறார். புதுப் பெயிண்ட் வாசனை. கூடம் அவ்வளவு பெரிது, பேசினால் பேச்சு சுவர் வரை போய்விட்டு மெதுவாகத் திரும்பி வந்தது. வழவழப்பான தரை. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் அக்காவிடமே சொன்னார். கடைசியில், குட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, "அவங்க சாப்பிடறதெல்லாம் எப்படி?" என்று அக்காவைக் கேட்டார்.

"வாயாலதான் சார்" என்றாள் குட்டி. "அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அக்கா அவள் இடுப்பில் கிள்ளினாள். அக்காவின் கணவர் இருமினார். அவர் சிரிப்பை எப்போதும் இருமலாகத்தான் வெளியே விடுவார்.

"நான் இங்கேருந்து ஆபீஸ் வரைக்கும் தனியா நடந்து பாக்கறேன். வந்து சொல்றேன்" என்று கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அலுவலகத்துக்கு இரண்டே திருப்பம் என்று தரகர் சொல்லியிருந்தார்.

அந்த வீதியைப் பற்றி நியாயமாகவே சொல்லிவிடலாம். குப்பை இல்லை. குழி இல்லை. அகலமோ அகலம். ஆனால் கோலால் தட்டினால் சுவர், நாலு எட்டு வைத்துத் தட்டினால் மறுபடி சுவர், அப்புறமும் சுவர். கடை கிடையாது, பேச்சு கிடையாது, அடுப்பு வாசனை கிடையாது. இப்போது புதிதாக வருகிற சத்தமில்லாத கார் ஒன்று, பக்கத்தில் வந்த பிறகுதான் காற்றாக உரசிக்கொண்டு போனது. யாரோ ஓட்டப்பயிற்சிக்கு வந்தவர் எதிரே வந்தார். "ஒரு நிமிஷம், இது முதல் திருப்பமா?" என்று கேட்டாள். அவர் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும், கால் சத்தம் நிற்காமல் தாண்டிப் போய்விட்டது. கற்றுக்கொள்ளவே முடியாத வீதி என்று அவள் நினைக்கவில்லை. எதையும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் தடுமாறும்போது ஒரு வார்த்தை கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

உண்மையைச் சொன்னால், அந்த வீதியில் தொடர்ந்து கேட்டது ஒரே ஒரு சத்தம்தான். பின்னாலிருந்து வருகிற அக்காவின் செருப்பு.

இது புதிதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பஸ் நிறுத்தம் வரை தனியாகப் போகிறேன் என்று அவள் கிளம்பியபோதும் மாதக்கணக்கில் இதே செருப்பு பின்னால் வந்தது. நின்றால் நிற்கும், நடந்தால் நடக்கும். சொன்னால் அக்கா மனசு கஷ்டப்படும் என்று குட்டி தெரியாத மாதிரியே இருந்தாள். இருந்ததுதான் தப்பு என்று இப்போது தோன்றியது.

முதல் திருப்பத்தில் யாரோ கோலையே பிடித்து நிறுத்தினார்கள். கையைக்கூட இல்லை, கோலை! நடந்துகொண்டிருப்பவர் காலைப் பிடித்து நிறுத்துவார்களா? காவலாளியாம்.

"தனியா எங்கம்மா போறீங்க? வாங்க, இப்படி உக்காருங்க."

"கோல விடுங்க. நான் ஆபீஸ் போறேன்."

"சரிம்மா, சரிம்மா. உக்காருங்க. வீட்டு ஆளுங்க நம்பர் சொல்லுங்க."

"எங்க வீட்டு ஆள் நான்தான்."

"சரிம்மா, சரிம்மா." ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவள் முழங்காலுக்குப் பின்னால் வந்து இடித்தது. தோளை அழுத்தி உட்காரவே வைத்துவிட்டான். அவள் எழுந்தாள். மறுபடி உட்கார வைத்தான். அதற்குள் அந்தச் செருப்பு ஓடி வந்தது.

"நீங்க கூட வந்தவங்களா? இவங்கள இப்படித் தனியா விடலாமா?" என்று காவலாளி அக்காவைக் கடிந்துகொண்டான். அக்கா அவனுக்கு நன்றி சொன்னாள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பச் சொன்னாள். திரும்பி நடக்கும்போது தங்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, எவ்ளோ நல்ல மனுஷங்க! இங்க உன்ன எல்லாரும் பாத்துப்பாங்கடி" என்று மகிழ்ந்து போனாள்.

குட்டிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நடுவீதியில் கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் வீட்டுக்கு வந்து, கதவு சாத்தினதும், கத்தினாள்.

"எனக்கு அந்த வீடு வேணாம். நான் பட்டறைப் பக்கம் போறேன்."

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்த சத்தத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. "பட்டறைப் பக்கமா? லாரியும் தகரமுமா இருக்கிற இடத்துக்கா? கண்ணு தெரிஞ்சவளே அங்க கால் வைக்க யோசிப்பா!"

"கண்ணு தெரிஞ்சவங்க யோசிக்கட்டும். நான் ஒரு வருஷமா அங்க போயிட்டிருக்கேன்."

 அக்காவின் கணவர் இருமவில்லை.

உண்மைதான். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சாலையைத் தாண்டிப் பட்டறைப் பக்கம் போவதை அவள் ஒரு வருஷமாகப் பழக்கிக்கொண்டிருந்தாள். முதலில் கூட வேலை செய்கிற தோழியோடு, பிறகு தனியாக. அங்கே ஒவ்வொரு வாசலும் தன் பேரைத் தானே சொல்லும். மாவு மில் தாண்டினால் வார்னிஷ் நாற்றத்தோடு தச்சுப் பட்டறை. அதைத் தாண்டினால் தகரம் தட்டுகிற இடம். அங்கே ஒரு சின்னச் சந்துக்குள் இடது பக்கம் திரும்பினால், கொஞ்சத் தூரத்தில் புஸ்ஸென்று மூச்சு விடுகிற டயர் கடை. அதற்கடுத்து சூடான துணி வாசனையோடு இஸ்திரிக் கடை. அந்த இஸ்திரிக் கடைக்கு மேலேதான் ஒரு மாடி காலியாக இருந்தது.

"ஒரு வருஷமா என்கிட்ட சொல்லாம..." அக்காவின் குரல் உடைந்தது. "ஏழு வயசுலேருந்து நான் பிடிச்ச கைடி இது. ஒரு நாள் விட்டிருப்பேனா?"

"விடல. அதத்தான் சொல்றேன். நீ பிடிச்சிட்டிருக்கிறது என் கைக்கா. எனக்கு அது வேணும்."

சொன்ன பிறகு குட்டிக்கே அது அதிகம் என்று பட்டது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு நாள்தான் அக்கா மனசு நோகக்கூடாது என்று தன் மனசை மடித்து வைப்பது?

அக்காவின் கணவர் தொண்டையைச் செருமினார். அந்த வீட்டில் அவர் வாய் திறப்பதே வருஷத்துக்கு ஒரு முறை. "அந்தப் பக்கம் நடந்து பாத்தாச்சு. இந்தப் பக்கமும் நடந்து காட்டட்டுமே. சரியா வரலேன்னா அவளே ஒத்துப்பா. என்னம்மா?"

"ஒத்துக்கறேன் மாமா. நடுவுல ஒரு இடத்துல வழி தவறி நின்னாலும் உங்களோட வந்துடறேன். ஆனா யாரும் பின்னாடி வரக்கூடாது."

"யாரு வரப்போறா?" என்றாள் அக்கா.

"நீதான். இன்னைக்கும் வந்த. பஸ் ஸ்டாப்புக்கும் வந்த. எல்லாம் தெரியும்."

 "சரி. சத்தியமா வரமாட்டேன்" என்றாள் அக்கா.

மறுநாளே அக்கா, அக்காவின் கணவர், குட்டி மூவரும், இஸ்திரிக் கடை வைத்திருக்கிற அம்மாவின் அந்த மாடிக்குப் போனார்கள். வெளியே இரும்புப் படிக்கட்டு. மேலே ஒரு அறை, ஒரு சமையலறை, கையை நீட்டினால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் எட்டிவிடும். ஜன்னல் வழியாகத் தெருவே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. அக்கா ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். கைப்பிடி துரு. சுவரில் ஈரம். குழாய் ஒழுகல்.

இஸ்திரிக்கார அம்மா அக்காவைக் கண்டுகொள்ளவே இல்லை. குட்டியிடம் நேராகப் பேசினாள். "படி செங்குத்தா இருக்கும். கடைசிப் படி மட்டும் உயரம் கம்மி, மேஸ்திரி சொதப்பிட்டான். எல்லாரும் அதுலதான் தடுக்குவாங்க. குழாய இறுக்கி மூடணும். நான் கீழதான் இருப்பேன். கூப்பிட்டா வருவேன். கூப்பிடாம வரமாட்டேன்."

கூப்பிடாம வரமாட்டேன்! இந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது குட்டிக்கு.

"ஆபீஸ் கேட்டத் தொட்டுட்டு வரேன்" என்று கோலை எடுத்தாள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமலிருப்பது நல்ல சகுனமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

பட்டறைப் பக்கம் சொர்க்கம் என்று யாரும் சொல்லவில்லை. டயர் கடையைத் தாண்டியதுமே நடைபாதையில் யாரோ நிறுத்தி வைத்திருந்த தள்ளுவண்டி முழங்காலுக்குக் கீழே சரியாக இடித்தது. உயிர் போகிற வலி.

"ஏம்மா, கண்ணு தெரியல?" என்று ஒரு குரல் அதட்டியது.

"ஆமா, தெரியல!" என்று குட்டியும் அதட்டினாள். "எனக்கு அதான் காரணம். நடக்கிற பாதையில வண்டிய நிறுத்தியிருக்கீங்களே, உங்களுக்கு என்ன காரணம்?"

 டயர் கடையிலிருந்து யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். வண்டிக்காரரும் சிரித்துவிட்டார். "மன்னிச்சுக்கோம்மா" என்று கடகடவென்று வண்டியைத் தள்ளி ஓரமாக விட்டார். "அடி பலமா?" என்று கேட்டார். "பலம்தான். நாளைக்கும் இங்கயே நிறுத்தினீங்கன்னா உங்களுக்கும் ஒண்ணு விழும்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். கோலை யாரும் பிடிக்கவில்லை. நாற்காலி யாரும் போடவில்லை. திட்டினார்கள், திட்டு வாங்கினார்கள், வழிவிட்டார்கள். இதைத்தானே அவள் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள்!

சந்து முடிந்து தகரச் சத்தத்தில் வலது பக்கம் திரும்பி, வார்னிஷ் தாண்டி, மில் தாண்டி, சாலை வந்தது. மணி அடிக்கிற சிக்னலில் காத்திருந்து கடந்து, அலுவலகக் கேட்டின் குளிர்ந்த கம்பியைத் தொட்டாள். வாசலில் நின்ற ஆம்புலன்ஸ் டிரைவர், "என்ன மேடம், இன்னைக்கு லீவு போட்டுட்டு இங்க?" என்றார். "கேட்டத் தொடறதுக்கு வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். திரும்பும் வழியில் மில் வாசலுக்கு வரும்போது பையில் போன் அடித்தது. அக்கா.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" அக்காவின் குரல் அழுகைக்கும் கத்தலுக்கும் நடுவில் இருந்தது.

"நான் மில்லுகிட்ட இருக்கேன். ஏன், மாடியில என்ன ஆச்சு?"

 போனில் அக்காவின் மூச்சு மட்டும் வந்தது. மூச்சுக்குப் பின்னால் சத்தம் வந்தது. மாடியில் கேட்க முடியாத சத்தம்.

குட்டிக்குப் புரிந்துவிட்டது. கோபம் சுரீரென்று தலைக்கு ஏறியது. சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறாள்! அதுவும் செருப்புச் சத்தம் கேட்காமல் எப்படி வந்தாள்? கத்த வாய் திறந்தாள். ஆனால் வாயில் வந்தது பத்து வருஷப் பழக்கம்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"தெரியலடி" என்று அக்கா அழுதாள். "உன் பின்னாடிதான் வந்தேன். திரும்பற இடத்துல ஒரு வண்டி குறுக்க வந்துச்சு. நகந்த அப்புறம் பாத்தா நீ இல்ல. தேடித் தேடி எங்கயோ வந்துட்டேன்."

"வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதானே?"

"வழிய எங்க பாத்தேன்? உன் முதுகையே பாத்துட்டு வந்தேன்டி!"

குட்டி மில் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். இத்தனை வருஷமாகப் பின்னால் வந்த செருப்பு ஒரு நாளும் தெருவைப் பார்த்ததில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகை வந்தது. ஆனால் வேலை நேரத்தில் அழுவது அவள் வழக்கமில்லை.

"சரி. நகராதீங்க. பக்கத்துல என்ன இருக்கு?"

"ஒரு சுவர் இருக்கு. நீலக் கலர்ல ஒரு கதவு..."

"நீலமெல்லாம் எனக்கு வேணாம். என்ன கேக்குது?"

"சத்தம்தான் கேக்குது, எல்லாப் பக்கமும் சத்தம்!"

"கண்ண மூடிக்கோங்க. மூடிட்டுச் சொல்லுங்க."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். "தையல் மெஷின். நிறைய மெஷின். மாடியிலேருந்து வருது... தகரம் தட்டறது பின்னாடி கேக்குது. கிட்ட தண்ணி சொட்டுது."

"தண்ணி எந்தக் காதுல?"

"இடது."

தையல் கூடம், பொதுக்குழாய். அந்த இடம் குட்டிக்கு நன்றாகவே தெரியும். சந்தில் திரும்பாமல் நேராகப் போனால் அங்கேதான் கொண்டுபோய் விடும். முதல் மாதத்தில் அவளும் அங்கே தொலைந்து போய், ஒரு தையல்காரப் பெண்ணிடம் வழி கேட்டு வெளியே வந்திருக்கிறாள்.

"அங்கேயே நில்லுங்க. லைன கட் பண்ணாதீங்க. நான் வரேன்."

கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவள் எத்தனையோ வண்டிகளை அனுப்பியிருக்கிறாள். தானே கிளம்பிப் போவது இதுதான் முதல் தடவை. வார்னிஷ். தகரம். சந்தில் திரும்பாமல் நேராக. தையல் மெஷின்களின் சத்தம் தலைக்கு மேல் வந்ததும் கோலைத் தட்டிக்கொண்டு நின்றாள். அக்கா ஓடி வந்து, எப்போதும் போல அவள் மேல்கையை இறுக்கிப் பிடித்தாள். 

குட்டி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்த கையை எடுத்துத் தன் முழங்கையில் வைத்தாள். "இப்படிப் பிடிச்சுக்க. அரை அடி பின்னாடியே வா. நான் நின்னா நில்லு. முன்னாடி இழுக்காத."

அக்கா பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை.

டயர் கடைப் பக்கம் வந்தபோது தள்ளுவண்டிக்காரர், "யாரும்மா கூட, புதுசா?" என்று கேட்டார்.

"எங்க அக்கா. வழி தவறிட்டாங்க."

"அடடா, அவங்களுக்கும் பார்வை...?"

"சேச்சே. அவங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்றாள் குட்டி. முழங்கையில் இருந்த கை அவளைக் கிள்ளியது. ஆனால் பின்னால் கேட்டது அழுகையோடு கலந்த சிரிப்பு.

இஸ்திரிக் கடை வாசலில் அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருப்பாள் போல. குரல் அப்படித்தான் இருந்தது. "என் ரப்பர் செருப்ப யாரு போட்டுட்டுப் போனது? குளிக்கற இடத்துக்குப் போடறது அது!"

சத்தம் கேட்காத மர்மம் விளங்கியது. அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். இரும்புப் படியில் குட்டி முன்னால் ஏறினாள், அக்கா பின்னால். "கடைசிப் படி உயரம் கம்மி" என்று குட்டி சொல்லியும், அக்கா அதிலேயே தடுக்கி, தங்கையின் முதுகில் வந்து முட்டினாள். மேலே அக்காவின் கணவர் நெடுநேரம் இருமினார்.

அக்கா அறையின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.  ஜன்னல் வழியாக டயர் கடையின் புஸ் வந்தது, யாரோ யாரையோ திட்டினார்கள், மில் ஓடியது.

"நான் போற ஊர்ல எனக்கு ஒரு தெருகூடத் தெரியாதுடி" என்றாள் அக்கா மெல்ல. "அவர் ஆபீஸ் போயிடுவார். நான் யார் பின்னாடி போவேன்?"

குட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அக்கா பின்னால் வந்தது தங்கைக்காக மட்டும்தானா என்ற சந்தேகம் இப்போதுதான் அவளுக்கு வந்தது. அதற்காக அவள் இறங்கி வரவில்லை. கீழே இருந்த இஸ்திரிக்கார அம்மாவைக் கூப்பிட்டு, கையை நீட்டிச் சாவியை வாங்கி, பைக்குள் போட்டு, பையை மூடினாள்.

"போய் இறங்கினதும் தெருவில நில்லுக்கா. நின்னு எனக்கு போன் போடு. என்ன ஆச்சுன்னு அழாத. முதல்ல எங்க இருக்கேன்னு சொல்லு."